புற்றுக்குப் புற்றுமண்

ஒரு நோயாளியைக்கூடக் குணப்படுத்தாமல் மகா வைத்தியர் என்று பேர் வாங்கியவர்கள் அந்தக் காலத்துக் கல்கத்தாவில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆனால், 'நான் யாரையும் குணப்படுத்தலை, என்னை நம்பாதேங்கோ' என்று வாசலில் நின்று தொண்டை வறளக் கத்தியும் அந்தப் பேரைத் தொலைக்க முடியாமல் திண்டாடிய ஒரே மனிதர் எங்கள் புற்றுமண் மாமாதான்.

மாமாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். பவானிபூரில் எங்களுக்கு ஒரு தமிழ் மெஸ். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த பிரம்மசாரிகளும், குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த சம்சாரிகளும் அதில் ஒண்டிக்கொண்டிருந்தோம். எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர் மாமா. ஒரு சணல் கம்பெனியில் பெரிய குமாஸ்தா. தென்னை மரம் மாதிரி உயரம். வெயில் காலத்திலும் கழற்றாத கறுப்பு அல்பாகா கோட்டு. கோட்டின் வலது பையில் எப்போதும் மண் நிறைந்திருக்கும். அந்தப் பாரத்தில் மனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடப்பார். முதல்முறை பார்க்கிறவர்கள் பக்கவாதம் என்று நினைத்து அனுதாபப்படுவார்கள்.

இந்த மண் பைத்தியம் பிடித்த கதை இதுதான். ஆபீஸில் மாமாவுக்கு எதிர் மேஜை கோஷால் பாபு. கல்கத்தாவில் ஹோமியோபதி மருந்துப் பெட்டி இல்லாத பாபுவைப் பார்ப்பது குடை இல்லாத பாபுவைப் பார்ப்பதைவிட அபூர்வம். கோஷால் பாபு டிபன் வேளையில் தம்முடைய பெட்டியைத் திறந்து சீனி உருண்டைகளை ஆபீஸ் முழுக்க விநியோகம் செய்வார். அவரிடம்தான் மாமா அந்தத் தத்துவத்தைக் கேட்டுக்கொண்டார். எந்தப் பொருள் நோயை உண்டாக்குமோ அந்தப் பொருளே நோயைத் தீர்க்கும். முள்ளை முள்ளால் எடுக்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் நானும் மாமாவும் டிராமில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். திடீரென்று என் தொடையில் ஓங்கி அறைந்தார்.

"ஏண்டா, உலகத்திலேயே பெரிய வியாதி எது?"

"எது மாமா?"

"புற்று. எந்த வைத்தியனாலும் தீர்க்க முடியாத வியாதி. அதுக்கு மருந்து என்னவா இருக்கும்? நன்னா யோசிச்சுச் சொல்லு."

நான் யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே அவரே சொல்லிவிட்டார்.

"புற்றுடா. எறும்பு கட்டறதே, கறையான் கட்டறதே, அந்தப் புற்று. நம்ம பெரியவா மருந்தைப் பேரிலேயே வச்சுட்டுப் போயிருக்கா. நமக்குத்தான் கண் அவிஞ்சு போச்சு."

"மாமா, அது வேற புற்று, இது வேற புற்று."

"அப்படின்னா ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சவன் முட்டாளா?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு கோணியை எடுத்துக்கொண்டு டாலிகஞ்சுக்குப் புறப்பட்டார். அப்போது டாலிகஞ்சில் பாதி காடு, மீதி சதுப்பு. ஆள் உயரக் கறையான் புற்றுகளை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். கோணி நிறைய மண்ணை வெட்டி, மெஸ் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார். மண்ணோடு அதில் குடியிருந்தவர்களும் வந்துவிட்டார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. கறையான்களும் எங்களைப் போலவே ஊரை விட்டு வந்த பிராணிகள்தானே, பசி அதிகம். முதலில் மெஸ் மேனேஜர் சாம்பமூர்த்தியின் கட்டில் காலைச் சாப்பிட்டன. மேனேஜர் ஒரு மத்தியானம் படுத்த வாக்கிலேயே தரைக்கு வந்து சேர்ந்தார். பிறகு என்னுடைய டிரங்குப் பெட்டிக்குள் புகுந்து, தலைதீபாவளிக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த மயில்கண் வேஷ்டியில் மயிலையும் கண்ணையும் தின்றுவிட்டுக் கரையை மட்டும் வைத்துவிட்டுப் போயின.

மேனேஜர் மண்ணை வெளியே கொட்டச் சொன்னார். மாமா சம்மதிக்கவில்லை. பெரிய இரும்புச் சட்டியில் போட்டு வறுத்து, துணியில் சலித்து, டின்களில் அடைத்துக்கொண்டார். சமையற்காரர் அன்று அதே சட்டியில் கத்தரிக்காய் வதக்கியதாகப் பின்னால் தெரியவந்தது. கறியில் உப்பு சரியாக இருந்ததென்று எல்லோரும் சொன்னோம்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். மாமா யாரிடமும் வைத்தியத்துக்குத் தம்பிடி வாங்கியதில்லை. அதோடு, தாம் சாப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சிட்டிகைகூடப் பிறருக்குக் கொடுத்ததுமில்லை. மண்ணைத் தேனில் குழைத்து உருண்டை பிடித்து ஒரு வாரம் விழுங்கினார். அந்த வாரம் முழுவதும் மெஸ்ஸின் பின்கட்டில் காலை வேளையில் கேட்ட முனகலைப் பற்றி இங்கே விவரிப்பது பத்திரிகைக்கு மரியாதையாக இராது.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. மாமாவிடம் வந்தவர்களில் குணமாகாதவர் ஒருவரும் இல்லை. ஏனென்றால் வந்தவர்களில் புற்று இருந்தவரும் ஒருவர் இல்லை. கன்னத்தில் பரு வந்தால் உற்றுப் பார்த்து, "இது ஆரம்பப் புற்று" என்பார். மண்ணைக் குழைத்துப் பற்றுப் போடுவார். பரு எப்போதும் போகிற வேளையில் போய்விடும். மாமா மீசையை முறுக்குவார். சாம்பமூர்த்தியின் முழங்கையில் கொசு கடித்துத் தடித்தபோது அதையும் புற்று என்று கண்டுபிடித்துச் சாயங்காலத்துக்குள் குணப்படுத்திவிட்டார். மேனேஜர் அரண்டுபோய்க் காளிகாட்டுக்கு ஓடித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

கோஷால் பாபுவின் சித்தப்பாவுக்குத் தோளில் ஒரு கட்டி. மண்ணைப் பற்றிக் கேட்டதும் பாபு ஒரு சந்தேகம் கிளப்பினார். "மாமா-பாபு, உங்கள் பாஷையில் அது புற்று. எங்கள் வங்காளியில் அதற்குக் கர்க்கட் ரோகம் என்று பெயர். கர்க்கட் என்றால் நண்டு ஆயிற்றே."

மாமா ஆடிப்போய்விட்டார். ஒரு நாள் முழுக்க யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "வங்காளி உடம்புக்கு மண் பிடிக்காது. நண்டுதான்."

வெங்காயம் நறுக்கினால் எழுந்து போகிற மாமா, காளிகாட்டுக் கடைத்தெருவில் உயிர் நண்டு வாங்கிப் பித்தளை வாளியில் போட்டு மெஸ் குளியலறையில் வைத்தார். சாம்பமூர்த்தி அதிகாலையில் குளித்துவிட்டுக் கண்ணை மூடிக் காயத்ரி ஜபித்துக்கொண்டிருந்தார். ஒரு நண்டு வாளியை விட்டு இறங்கி வந்து அவருடைய பூணூலைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கழற்றவும் முடியாமல், நண்டோடு ஜபத்தைத் தொடரவும் முடியாமல், நடுக்கூடத்தில் நின்று ஆடிய ஆட்டத்தை நான் எந்தக் கச்சேரியிலும் பார்த்ததில்லை. மிச்ச நண்டுகள் சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தோளில் வைத்துக் கட்ட வேண்டும் என்று மாமா எழுதி அனுப்பியிருந்தார். சித்தப்பா கடுகு அரைத்துவிட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார். கட்டி தானாகவே பழுத்து உடைந்துபோயிற்று. 'கி சுந்தர் ஓஷுத்', என்ன அருமையான மருந்து, என்று பாராட்டியதோடு, இன்னொரு தோளுக்கும் முன்ஜாக்கிரதையாக வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்டனுப்பினார்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்த வைத்தியத்தில்தான் பஞ்சு வந்து சேர்ந்தான்.

பஞ்சு ஒரு பாங்கியில் குமாஸ்தா. என் அறைக்காரன். வெற்றிலையும் புகையிலையும் அவன் வாயை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட ஒரு கன்னம் உப்பியிருக்கும். அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் வந்து பல மாதமாக ஆறவில்லை. சோறு காரமாக இருந்தால் கண்ணில் நீர் வரும். ஆஸ்பத்திரி என்று நான் வாயைத் திறந்தாலே அறையை விட்டுப் போய்விடுவான். அவனுடைய அண்ணா ஒருவர் காலில் புண்ணோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர், கத்தி வைத்தபின் திரும்பி வரவில்லை. அதனால் கத்தியில்லாத வைத்தியம் ஒன்று அடுத்த அறையிலேயே இருக்கிறதே என்று தோன்றியதும் பஞ்சு மாமாவின் காலில் விழுந்துவிட்டான்.

மாமா வெற்றிலையை நிறுத்தச் சொன்னார். மண்ணைக் குழைத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். வெற்றிலையை நிறுத்தியதில் எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. பஞ்சு அதை மண்ணின் மகிமை என்றான். மாமாவும் அப்படியே நம்பினார். மெஸ்ஸில் எல்லோருக்கும் பாயசம் போட்டார்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் கிணற்றடியில் பஞ்சுவை வெயிலுக்கு நேராக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்னார் மாமா. நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக உள்ளே எட்டிப் பார்த்ததும், "பலே" என்பார். அன்றோ ஒரு விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். தாடைக்குக் கீழேயும் அழுத்திப் பார்த்தார். பிறகு கோட்டுக்கூடப் போட்டுக்கொள்ளாமல் விடுவிடென்று வெளியே போய்விட்டார். நேரே கோஷால் பாபுவின் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். பாபு, பஞ்சுவின் நிலைமையைக் கேட்டுவிட்டு மருந்துப் பெட்டியை மூடினாராம். "மாமா-பாபு, என் உருண்டைகள் இருமலுக்கும் ஜலதோஷத்துக்கும் போதும். இதற்குப் போதாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், இன்றைக்கே" என்றாராம்.

எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மாமா திரும்பி வந்தார். நடுக்கூடத்தில் நின்றுகொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. என் வைத்தியம் சுத்தப் புரட்டு. மண்ணு வெறும் மண்ணுதான். டேய் பஞ்சு, உன் புண்ணு பெரிசாயிண்டு வரது. நீ சாப்பிட்ட அத்தனையும் மண்ணுடா. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

பஞ்சு ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "பெரியவா எல்லாம் இப்படித்தான் அடக்கமா பேசுவா."

"அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை."

"பார்த்தேளா, இப்பவும் மண்ணைத்தான் சொல்றார்" என்றான் பஞ்சு, பக்கத்து இலைக்காரரிடம்.

மாமா ஒரு காலைத் தூக்கி, சாப்பிடுகிறவர்கள் என்றும் பாராமல் உள்ளங்காலை எல்லோருக்கும் காட்டினார். "இதோ பார். என் கால் ஆணி. எத்தனை வருஷமா இந்த மண்ணை வச்சுக் கட்டறேன் தெரியுமா? ஒரு கடுகளவு கரையலை. வெட்கமா இருந்தது, உங்ககிட்டச் சொல்லாம மறைச்சேன்."

பஞ்சு நிதானமாகச் சொன்னான். "அது ஆணி, மாமா. புற்று இல்லையே. ஆணிக்கு ஆணியைன்னா வச்சுக் கட்டணும்."

தாம் பெற்ற தத்துவமே தம்மை எதிர்த்து வாதாடுவதைக் கண்டு மாமா தூணைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் இந்தப் போராட்டம் நடந்தது. டின்களிலிருந்த மண்ணையெல்லாம் பஞ்சுவின் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினார். பஞ்சு கீழே சிந்தியதை விபூதி மாதிரி வழித்து எடுத்துக்கொண்டான். உலகத்தில் ஒரு போலி வைத்தியன், தான் போலி என்று நிரூபிக்க அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான். ஆனால் அந்த வாரத்தில் பஞ்சுவால் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. மோரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. மெஸ்ஸில் சிரிப்பு நின்றுபோயிற்று.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"இத்தனை நாளும் பொய்யைத் தெரியாம சொன்னேண்டா. இன்னிக்கு ஒண்ணைத் தெரிஞ்சே சொல்லப் போறேன். நீ வாயைத் திறக்காதே."

பஞ்சுவிடம் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திப் பரமரகசியம் சொல்வதுபோலச் சொன்னார். "நீ சொன்னதுதான் சரி. மண்ணு நல்ல மண்ணுதான். அது உள்ளே போக வழியில்லாம நிக்கறது. புண்ணு கதவைச் சாத்திண்டுடுத்து. ஒரு வாசல் வெட்டினாப் போறும், மண்ணு விறுவிறுன்னு உள்ளே போயிடும். அந்த வாசல் வெட்டற வேலை எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரியிலே வெள்ளைக்கார டாக்டர் இருக்கான். அவன் வைத்தியன் இல்லைடா, தச்சன். வைத்தியம் நம்மளுதுதான்."

பஞ்சு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நீங்க கூட இருப்பேளா?"

"கூடவே இருப்பேன்."

"மண்ணு?"

"அதுவும் இருக்கும்."

அன்றே ஒரு வாடகைக் குதிரைவண்டியில் மூவரும் போனோம். மாமாவின் மடியில் ஒரு டின், பஞ்சு வழித்து வைத்திருந்த மண்ணோடு. பெரிய டாக்டர் பஞ்சுவின் வாயைப் பார்த்துவிட்டு உடனே சேர்த்துக்கொண்டார். பஞ்சு டின் இல்லாமல் மேஜையில் ஏற மாட்டேன் என்றுவிட்டான். டாக்டர் அது என்ன என்று கேட்டார். மாமா அட்டென்ஷனில் நின்று, ஆபீஸ் கடிதம் எழுதுகிற இங்கிலீஷில் சொன்னார்: "ஐயா, இது முற்றிலும் உபயோகமற்ற மண். இதை உள்ளே அனுமதிக்க வேண்டாமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இது அருகில் இருப்பதாக நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

டாக்டர் டின்னைத் திறந்து முகர்ந்தார். "இதை அவன் வாயில் போட்டது யார்?"

"நான்தான், ஐயா."

"இந்தப் புண் சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால், இவ்வளவு வெட்ட வேண்டியிராது."

"ஆமாம், ஐயா."

டாக்டர் டின்னைக் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாகத் தெரிகிற இடத்தில் வைக்கச் சொன்னார். பஞ்சு அதைப் பார்த்துக்கொண்டே குளோரோபாரத்தில் தூங்கிப்போனான். மாமா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வாங்கி வந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாரே தவிரக் குடிக்கவில்லை. 

பஞ்சு பிழைத்துக்கொண்டான். கன்னத்தில் ஒரு பக்கம் குழிந்து, வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது. கட்டுகளுக்கு நடுவிலிருந்து கையை நீட்டி அவன் முதலில் ஜாடை காட்டியது டின்னைத்தான். வாசல் வெட்டியாயிற்று, மண்ணை வையுங்கள் என்று பொருள். மாமா இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் விழித்துவிட்டு, "இனிமே வைக்க வேண்டாம். தூரத்திலேருந்து பார்த்தாலே வேலை செய்யும்" என்றார். பஞ்சு அன்றிலிருந்து தினம் காலையில் சூரிய நமஸ்காரம் மாதிரி டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்சம்மாள் அதைக் குலதெய்வம் என்று நினைத்துத் துடைத்து வைத்தாள்.

வினை அதற்கப்புறம்தான். வீடு திரும்பிய பஞ்சு கோணல் வாயோடு கல்கத்தா முழுக்கப் பிரசாரம் பண்ணிவிட்டான். காளிகாட்டிலிருந்து பாலிகஞ்சு வரைக்கும், 'வாசல் வெட்டி மண் வைத்தியம்' என்று ஊரெல்லாம் பேச்சு. வண்டி வண்டியாக ஜனங்கள் மெஸ் வாசலில் வந்து இறங்கினார்கள். பருவும் கொசுக்கடியும் இல்லை. இந்தத் தடவை நிஜமான நோயாளிகள். வங்காளிகள் நண்டுக் கூடையோடு வந்தார்கள். மாமா கதவை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து, "மண்ணு தீர்ந்துடுத்து" என்று கத்தினார். மறுநாள் அவர்களே டாலிகஞ்சிலிருந்து மண் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாம்பமூர்த்தி தம்முடைய புதுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

கடைசியில் மாமா கதவைத் திறந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரையாகப் பார்த்தார். எல்லோரிடமும் முதலில் உண்மையைத்தான் சொல்வார்: "மண்ணு வெறும் மண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போங்கோ." அதை நம்பியவர்கள் நேரே போனார்கள். நம்பாதவர்களிடம் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வெட்டுகிற ரகசியத்தைச் சொல்வார். அவர்களைத் தாமே டிராமில் ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு கூட்டமும் போய்ச் சேர்ந்தது ஒரே தாழ்வாரத்தில்தான். சில நாளில் பெரிய டாக்டருக்கே பழகிவிட்டது. மாமாவின் சாய்ந்த நடையைத் தூரத்தில் கண்டதும், "இன்றைக்கு எத்தனை வாசல்?" என்று கேட்பார்.

எல்லோரும் பிழைக்கவில்லை. நாள் கடந்து வந்தவர்களும் உண்டு. பாலிகஞ்சிலிருந்து ஓர் அம்மாள் மார்பில் கட்டியோடு வந்தாள். வேறொரு வைத்தியர் கொடுத்த களிம்பை இரண்டு மழைக்காலம் தடவிக்கொண்டிருந்துவிட்டு வந்தவள். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். மாமா அந்த அம்மாளோடு வண்டியில் வீடுவரைக்கும் போய், வழியெல்லாம் கோஷால் பாபு சித்தப்பாவின் நண்டுக் கதையைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தார். வந்து, சாப்பாடு வேண்டாமென்று படுத்துக்கொண்டார்.

மாமா வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊருக்குப் போன அன்று ஹௌரா பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. கன்னம் குழிந்தவர்கள், காதோரம் தழும்பு உள்ளவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். எல்லோரும் மாமாவின் மண்ணால் பிழைத்தவர்களாம். "இல்லை, இல்லை, டாக்டர்" என்று ரயில் கிளம்பும்வரை ஜன்னலிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஞ்சு கோணல் வாயால் அழுதான், சிரித்தான், எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது.

மாமா கண்ணை மூடி வெகுகாலம் ஆகிறது. எனக்குக் கொஞ்ச நாளாக முதுகில் ஒரு கட்டி, வலியில்லை. என் சம்சாரம் தினமும் விரட்டுகிறாள். "நாளைக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார், போகத்தான் போகிறேன். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு கூட வர மாமா இல்லாமல், தனியாகப் போக என்னவோ போல இருக்கிறது.